நீக்கலின் வரலாறு



பட்டியல் எழுதுவது எளிது. எழுதி முடித்த பட்டியலிலிருந்து ஒன்றை நீக்குவதோ அத்துணை எளிதன்று. "பேனாவை எடுத்து ஒரு கோடு கிழித்தால் முடிந்தது, இதில் என்ன அருமை இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகளில் 2019ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் என்னும் நிரல்மொழி கற்பிக்கப்படுகிறது. அப்பாடநூலில் பட்டியல்களைப் பற்றிய பகுதியில், உறுப்புகளை நீக்குதற்குரிய கட்டளைகள் சில பக்கங்களில் விளக்கப்பட்டுள்ளன. தேர்வுக்கு முந்தைய இரவில் மாணவர் விரைந்து புரட்டிச் செல்லும் பக்கங்கள் அவை. ஆயினும் அந்தச் சில பக்கங்களின் பின்னால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு மறைந்து கிடக்கிறது. அவ்வரலாற்றின் ஓர் இழை நம் கொங்கு நாட்டுத் தறிகளின் ஊடேயும் செல்கிறது.

முதலில் நம் பழைய ஏடுகளை நினைவுகூர்வோம். ஓலைச்சுவடியின் ஒவ்வோர் ஏட்டிலும் ஓரத்தில் எண் இட்டிருப்பார்கள். துளையின் வழியே ஒரு கயிறு எல்லா ஏடுகளையும் கோத்து நிற்கும். இடையில் ஓர் ஏட்டை எடுக்க வேண்டுமானால் கட்டை அவிழ்த்து, மேலுள்ள ஏடுகளைக் கழற்றி, வேண்டாததை எடுத்துவிட்டு, மறுபடியும் கோக்க வேண்டும். எடுத்த பின்னும் அந்த ஏடு தான் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பதினேழாம் ஏட்டை அடுத்துப் பத்தொன்பதாம் ஏடு வருமாயின் ஒன்று குறைகிறது என்பதைச் சுவடியே சொல்லிவிடும். ஊர்க் கணக்குப்பிள்ளையின் புத்தகத்திலும் அப்படியே. ஒரு பெயரை அவர் அடித்தால், கோட்டின் அடியில் அப்பெயர் இன்னும் படிக்கக் கிடைக்கும். 1980ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அப்பழைய பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். முறை மாறினாலும், தாளில் எழுதிய கணக்குக்கு உரிய அந்த இயல்பு மாறவில்லை.

ஆகவே நீக்கம் என்பது ஒரே செயல்போலத் தோன்றினும், அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. எதனை நீக்குவது? நீக்கிய பின்னர் எஞ்சியவை எவ்வாறு நிற்கும்? நீக்கப்பட்டது எங்கே போகும்? இம்மூன்றுக்கும் காலந்தோறும் மனிதன் கண்ட விடைகளே நான் சொல்லப்போகும் வரலாறு.

பிரான்சு நாட்டில் லியோன் என்னும் பட்டு நகரம் உண்டு. அங்கே 1725ஆம் ஆண்டில் பசீல் பூசோன் என்பவர் தறியில் பூவேலை செய்யத் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். எங்கே துளை இருக்கிறதோ அதற்கேற்பப் பாவு நூல்கள் உயரும். கருத்து அருமையானதுதான், ஆனால் சுருளில் ஒரு வரியை மட்டும் நீக்க வேண்டுமானால் வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1728இல், ஃபால்கோன் என்பவர் நீண்ட சுருளைக் கைவிட்டுத் தனித்தனி அட்டைகளைக் கோத்துச் சங்கிலியாக்கினார். அந்நூற்றாண்டு கழிந்து 1804ஆம் ஆண்டில் ஜோசப் மரி ஜக்கார்டு தம் பெயர் விளங்கும் பொறியை அமைத்தார். அட்டைச் சங்கிலி அதில் நிலைபெற்றது.

அப்பொறியின் வழித்தோன்றல்களை நம் மாணவர்கள் காண லியோனுக்குச் செல்ல வேண்டியதில்லை. சென்னிமலைக்கும் சிறுமுகைக்கும் சென்றால் போதும். தறிக்கு மேலே அமைந்த பெட்டியிலிருந்து அட்டைகள் மாலைபோலத் தொங்கும். மிதியை மிதிக்கும்போதெல்லாம் ஓர் அட்டை முன்வந்து, எந்தப் பாவு நூல் உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்று கட்டளையிடும். நாடா ஒருமுறை ஓடும். ஓர் ஊடை இழை சேரும். அடுத்த அட்டை வரும். ஒரு மயிலின் கழுத்து வளைவதும் ஒரு மாங்காயின் நுனி சுருள்வதும் இந்த வரிசையினால்தான்.

இவ்வரிசையில் ஓர் அட்டை பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் அதன் இருபுறமும் உள்ள கட்டை அறுக்கிறார். அட்டையை எடுத்துவிடுகிறார். அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் சேர்த்துக் கட்டுகிறார். இம்மூன்றாம் செயலை மறந்தால் சங்கிலியே அறுந்துவிடும். முதற்செயலில் தவறி நல்ல அட்டையை எடுத்துவிட்டாலோ, மயிலின் கழுத்தில் ஓர் இழை குறையும். அட்டைகள் வட்டமாகச் சுழல்வதால், அக்குறை ஒரு மயிலோடு நிற்காது. சேலை முழுவதும் ஒவ்வொரு மயிலிலும் திரும்பத் திரும்பத் தோன்றும். கைப்பிழை ஓரிடத்தில் நிகழும்; கட்டளைப் பிழையோ கட்டளை செல்லுமிடமெல்லாம் நிகழும். இவ்வேறுபாட்டை நான் முதலில் உணர்ந்தது எந்தப் பாடநூலிலும் அன்று, ஒரு தறிக்கூடத்தில்தான். அங்கே கழற்றிய அட்டையை உடனே எறிந்துவிடாமல், எண் தெரியும்படி ஆணியில் மாட்டி வைத்திருந்ததையும் கண்டேன்.

இந்த அட்டைகள் தறியோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர், 1830களில் தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்குக் கட்டளையிட ஜக்கார்டின் அட்டைகளையே கையாள எண்ணினார். ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் தம்மிடம் வைத்திருந்தார். பாபேஜின் பொறி முற்றுப்பெறவில்லை. ஆயினும் 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு மக்களை எண்ணினார். மின்கணிப்பொறிகள் தோன்றியபோது, நிரல் எழுதுவோர் கையில் இருந்தவையும் துளை அட்டைக் கட்டுகளே.

நம் நாட்டில் 1963ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. அங்கே கணிப்பொறிக் கல்விக்கு அடிகோலியவருள் முதன்மையானவர் பேராசிரியர் வி. ராஜாராமன். அவர் 1933ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்தவர் என்பதைக் கொங்கு நாட்டு மாணவர்கள் பெருமையோடு நினைக்கலாம். அவர் 1969இல் வெளியிட்ட நிரலாக்க நூல், நாடெங்கும் மாணவர்களுக்கு முதற்பாடமாக அமைந்தது. அக்காலத்து மாணவனுக்கு நிரலில் ஒரு வரியை நீக்குவது கைவேலை: கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவினால் போதும். கட்டு கைதவறி விழுந்தால் என்ன செய்வது? அதற்காகவே அட்டையின் கடைசிப் பத்திகளில் வரிசை எண் இடுவதுண்டு. ஓலைச்சுவடியின் ஏட்டெண் வேறு உருவில் மீண்டும் வந்துவிட்டதல்லவா?

நிரலின் வரியை நீக்குவது இவ்வாறு எளிதாயிற்று. ஆனால் நிரலுக்குள் இருக்கும் பட்டியலின் உறுப்பை நீக்குவது எளிதாகவில்லை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் பட்டியலுக்கு இத்தனை இடம் வேண்டும் என்று முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும். நூறு இடம் கேட்டால் நூறும் அடுத்தடுத்து ஒதுக்கப்படும். அவற்றில் ஐந்தாவதை நீக்க ஒரு தனிச்சொல் கிடையாது. ஆறாவதை ஐந்தாம் இடத்திற்கு நகர்த்து, ஏழாவதை ஆறாம் இடத்திற்கு நகர்த்து என்று நூறு வரை மாணவனே நகர்த்தி, இப்பொழுது தொண்ணூற்றொன்பதுதான் உள்ளது என்பதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். பேருந்தின் நீண்ட இருக்கையில் நடுவிலிருந்த ஒருவர் இறங்கினால் அவருக்கு அப்பால் உள்ளவர்கள் எல்லாரும் ஒவ்வோர் இடம் நகர்ந்து அமர்வதைப் போன்றது இது. கடைசியில் இருப்பவர் இறங்கினால் ஒருவரும் நகர வேண்டாம். முதலில் இருப்பவர் இறங்கினால் அனைவரும் நகர வேண்டும்.

இத்தொல்லைக்கு மாற்று வழி கண்டவர்கள் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் என்னும் மூவர். 1956ஆம் ஆண்டையொட்டி, கணித உண்மைகளை மெய்ப்பிக்கும் ஒரு நிரலை அவர்கள் அமைத்தார்கள். எண்ணங்கள் எத்தனை வரும், எப்பொழுது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வேலை அது. ஆதலின் உறுப்புகளை அடுத்தடுத்து அடுக்காமல், ஒவ்வோர் உறுப்பும் "எனக்கு அடுத்தவர் இன்ன இடத்தில் இருக்கிறார்" என்ற குறிப்பைத் தாங்கி நிற்குமாறு செய்தார்கள். இத்தகைய சங்கிலியில் ஒன்றை நீக்க யாரையும் நகர்த்த வேண்டுவதில்லை. முந்தியவரிடமுள்ள குறிப்பைப் பிந்தியவரை நோக்கி மாற்றினால் போதும். போத்தனூரிலோ ஈரோட்டிலோ தொடர்வண்டியின் நடுவிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றி, முன்பின் பெட்டிகளை இணைப்பதை ஒத்தது இது. சென்னிமலை நெசவாளர் அட்டையை எடுத்துக் கட்டுவதும் இதே முறைதான். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ஐம்பதாம் பெட்டியைக் காண வேண்டுமானால் முதற்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்தே செல்ல வேண்டும்.

கழற்றிய பெட்டி எங்கே போகும் என்பது மூன்றாம் வினா. 1958இல் லிஸ்ப் என்னும் மொழியைத் தொடங்கிய ஜான் மெக்கார்த்தி, 1960இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கும் விடை கூறினார். நினைவகம் தீர்ந்துபோகும் நிலை வந்ததும் பொறி தானே எல்லாச் சங்கிலிகளையும் பின்பற்றிச் சென்று, யாராலும் சுட்டப்படாமல் கிடக்கும் உறுப்புகளைத் திரட்டி, மறுபடி வழங்கும். குப்பை திரட்டல் என்றே இதற்குப் பெயர் வந்தது. இதில் ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஒன்று அந்தக் கணமே அழிவதில்லை. வேறு எங்கேனும் ஒரு குறிப்பு அதனைச் சுட்டிக்கொண்டிருக்கும் வரையில் அது வாழும். கடைசிக் குறிப்பும் அறுந்த பின்னரே அது எவருக்கும் எட்டாத பொருளாகிறது.

1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் தோன்றிய பேசிக் மொழி, தொடக்க மாணவருக்காகவே செய்யப்பட்டது. அதில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. பத்து, இருபது, முப்பது என்று இடைவிட்டு எண்ணிடுவார்கள். இருபதாம் வரி வேண்டாமென்றால் இருபது என்று மட்டும் தட்டச்சிட்டு, வேறொன்றும் எழுதாது விட்டால் அவ்வரி மறையும். 1984இல் இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்பும் அரசுத் திட்டம் தொடங்கியபோது, மாணவர் பலர் அறிந்த முதல் நீக்கம் இதுவே. மற்ற வரிகளின் எண்கள் மாறுவதில்லை. இடைவெளி அப்படியே கிடக்கும்.

1991இல் வெளியான பைத்தான் மொழி, உறுப்பை நீக்கப் பல வழிகளைத் தந்தது. டெல் என்பது இடத்தைச் சொல்லி நீக்குவது. பாப் என்பது நீக்கியதை நம் கையில் தருவது. இடம் சொல்லாவிட்டால் கடைசி உறுப்பை எடுக்கும். ரிமூவ் என்பது மதிப்பைச் சொல்லி நீக்குவது. கிளியர் என்பது பட்டியலையே காலியாக்குவது. ஃபோர்ட்ரான் மாணவன் கையால் செய்த நகர்த்தலை இங்கே மொழியே செய்துவிடுகிறது. உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. உழைப்போடு ஆபத்தும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஐந்து குவியல்களின் ஈரப்பதத்தை வரிசையாக எழுதினோம் என்று கொள்வோம்: 8, 14, 13, 9, 10. பன்னிரண்டுக்கு மேற்பட்டவற்றை நீக்க வேண்டும். பட்டியலின் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, மிகுதியானதைக் கண்டவுடன் நீக்குமாறு தொடக்க மாணவன் நிரல் எழுதுகிறான். எட்டு தேறியது. பதினான்கு நீக்கப்பட்டது. உடனே பதின்மூன்று முன்னே நகர்ந்து பதினான்கின் இடத்தில் அமர்ந்தது. ஆனால் பார்வையிடும் விரலோ அந்த இடத்தைப் பார்த்தாயிற்று என்று அடுத்த இடத்திற்குச் சென்றுவிட்டது. அங்கே இருப்பது ஒன்பது. இறுதியில் 8, 13, 9, 10 என்று நிற்கிறது பட்டியல். ஈரமான குவியலொன்று எவர் கண்ணிலும் படாமல் தப்பிவிட்டது. பொறி குறை கூறவில்லை, எச்சரிக்கையும் தரவில்லை.

இதற்குத் தீர்வு இரண்டு. கடைசியிலிருந்து முன்னோக்கி வந்தால், நீக்கத்தால் நகர்பவை யாவும் ஏற்கெனவே பார்க்கப்பட்டவையாக இருக்கும், ஒன்றும் தப்பாது. அல்லது நீக்குவதையே விட்டுவிட்டு, தேறியவற்றை மட்டும் ஒரு புதிய பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். பழைய பட்டியல் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருக்கும். இரண்டாவது வழியையே நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

மதிப்பைச் சொல்லி நீக்கும் முறையில் மற்றோர் இடர் உண்டு. ரிமூவ் என்னும் கட்டளை முதலில் கண்ட ஒன்றை மட்டுமே நீக்கும். கொங்கு நாட்டு ஊரொன்றில் பழனிச்சாமி என்ற பெயருடையோர் எத்தனை பேர் இருப்பர்! இறந்துபோன ஒரு பழனிச்சாமியை நீக்கச் சொன்னால், பட்டியலில் முதலில் நிற்கும் பழனிச்சாமி நீக்கப்படுவார். அவர் காலையில் வயலுக்குச் சென்று திரும்பிய உயிருள்ள மனிதராக இருக்கக்கூடும். இடத்தைச் சொல்லி நீக்கினாலும் கவனம் வேண்டும். பைத்தான் பூச்சியத்திலிருந்து எண்ணுவது. இரண்டு என்றால் மூன்றாமவரைக் குறிக்கும். அன்றியும், ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் இட்டு, ஒன்றை மூலமென்றும் மற்றதைப் படியென்றும் நினைத்துக்கொண்டால், படியில் செய்த நீக்கம் மூலத்திலும் நிகழ்ந்திருக்கும். உண்மையான படி வேண்டுமானால் தனியே படியெடுக்கச் சொல்ல வேண்டும்.

மஞ்சள் குவியல் தப்பினால் ஒரு வணிகருக்கு நட்டம். பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் குடியரசின் தொடக்க வரலாறே சான்று. 1951–52இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலுக்காக ஏறத்தாழ 17 கோடி மக்களின் பெயர்கள் பட்டியலில் எழுதப்பட்டன. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென், கணிதம் பயின்றவர். பட்டியலைச் சரிபார்த்தபோது, பெண்கள் பலர் தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிவு செய்திருந்தது தெரியவந்தது. பெயரில்லாத பதிவு செல்லாது என்பது விதி. பெயர் தருமாறு கேட்டும் தராதவர்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. ஏறத்தாழ 8 கோடிப் பெண்களில் 28 லட்சம் பேர் இவ்வாறு பட்டியலிலிருந்து நீங்கினார்கள். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் வடநாட்டு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

அந்த முடிவின் நோக்கம் நல்லது. ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரால் அறியப்பட வேண்டும் என்பது அதன் உட்கருத்து. ஆயினும் அத்தேர்தலில் 28 லட்சம் பேர் வாக்களிக்க இயலவில்லை என்பதும் உண்மையே. அது தாளில் எழுதிய காலம். எத்தனை பதிவுகள், எக்காரணத்தால் நீங்கின என்று எண்ணிக் குறித்தார்கள். அதனாலேயே இன்று நாம் அதனைப் பேச முடிகிறது. நீக்கத்தை எண்ணிப் பதிந்தமையால் குறை வெளிப்பட்டது. குறை வெளிப்பட்டமையால் திருத்தத்திற்கு வழி பிறந்தது. குடிபெயர்ந்தார் என்ற காரணத்தால் ஒருவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குமுன் அவர் தம் கருத்தைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி கூறுவதும் இவ்வெச்சரிக்கையின் பாற்பட்டதே.

இன்று குடும்ப அட்டையும், ஓய்வூதியமும், நிலப் பட்டாவும், கல்வி உதவித்தொகையும் கணிப்பொறிப் பட்டியல்களாகிவிட்டன. அவற்றுக்கு நிரல் எழுதப்போகிறவர்கள் நீங்கள். கோயம்புத்தூரில் 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் தொடங்கி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவதும், 1951இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியும், பெருந்துறையில் 1984இல் தோன்றிய கொங்கு பொறியியல் கல்லூரியும் ஆண்டுதோறும் உங்களைப் போன்றோரையே உருவாக்குகின்றன. ஏட்டில் எண் இருந்தது. கணக்கில் கோட்டின் அடியில் பெயர் இருந்தது. கணிப்பொறிப் பட்டியலிலோ நீக்கிய இடத்தில் அடுத்தது வந்து அமர்ந்துகொள்ளும். அங்கே ஒருவர் இருந்தார் என்பதற்கு அடையாளமே இராது. அடையாளத்தை வைப்பது பொறியின் இயல்பன்று. அது நிரல் எழுதுவோரின் கடமை.

ஆதலின் நீக்கும் கட்டளையை எழுதுமுன் மூலத்தைப் படியெடுங்கள். நீக்குமுன் எத்தனை, நீக்கிய பின் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெயரை நம்பாமல், ஒருவருக்கே உரிய எண்ணைக் கொண்டு அடையாளம் காணுங்கள். எது, எப்பொழுது, எக்காரணத்தால் நீக்கப்பட்டது என்று தனியே ஒரு குறிப்பு எழுதுங்கள். தவறாக நீக்கப்பட்ட ஒருவர் நாளை வந்து "என் பெயர் எங்கே?" என்று கேட்டால், அக்குறிப்பே அவருக்கு விடை கூறும், அவருடைய பெயரை உரிய இடத்தில் மறுபடி சேர்ப்பதற்கும் அதுவே துணை செய்யும்.